ஈற்றுக் காலமும் சீம்பாலும்

காங்கயம், தாராபுரம், மூலனூர்ப் பகுதிகளில், கிளுவை வேலி அடைத்த கொறங்காட்டில் இருபது முப்பது மேச்சேரி ஆடுகளை வைத்துப் பிழைக்கும் குடும்பங்கள் பல. கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேலங் காயும் ஆட்டிற்கு உணவு. விற்கும் குட்டிகளே குடும்பத்திற்கு வரவு. மேச்சேரி ஆடு பெரும்பாலும் ஓர் ஈற்றுக்கு ஒரு குட்டியே ஈனும். எனவே குட்டி ஒன்று மாண்டால், தாயின் ஐந்து மாதச் சினைக்காலம் வீணாயிற்று என்றே கொள்ளவேண்டும். ஈன்ற முதல் நாளில் நாம் காட்டும் கவனமே இந்நஷ்டத்தைப் பெருமளவு தடுக்கும்.

ஈற்றுக்கு முன்

செம்மறியாட்டின் சினைக்காலம் ஏறத்தாழ 150 நாட்கள். ஆடி, ஆவணியில் கிடா சேர்த்தால் மார்கழி, தையில் குட்டிகள் பிறக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையால் அப்போது மேய்ச்சல் செழித்திருக்கும். கருவிலுள்ள குட்டி பெரிதும் வளர்வது கடைசி 6 வாரங்களிலேயாம். அந்நாட்களில் மேய்ச்சலுடன் நாள்தோறும் சுமார் 200 கிராம் அடர்தீவனமும் அளித்தல் வேண்டும். ஈற்றுக்கு 3, 4 வாரங்கள் முன்பு துள்ளுமாரித் தடுப்பூசி போட்டால், அதன் பயன் தாயின் பால் வழியே குட்டியையும் சேரும்.

ஈனும் வேளை

மடி பருத்து, விலாப்புறம் குழிந்து, மந்தையை விட்டு ஒதுங்கித் தரையைக் காலால் பறிக்கும் ஆடு விரைவில் ஈனும். அதனைக் காற்றடிக்காத உலர்ந்த இடத்தில் விடுக. முன்னங்கால்கள் இரண்டும், அவற்றின்மேல் தலையும் வருவதே இயல்பான நிலை. பனிக்குடம் உடைந்து, ஒரு மணி நேரம் முக்கியும் குட்டி வெளிவராவிடில் கால்நடை மருத்துவரை அழைக்கவேண்டும்; பலமாக இழுத்தலாகாது.

குட்டி விழுந்ததும் மூக்கிலும் வாயிலுமுள்ள கோழையைத் துடைத்து, தாயை நக்க விடுக. தொப்புள்கொடியை அயோடின் டிஞ்சரில் நனைத்தல் அவசியம்; கிருமி உட்புகும் வாயில் அதுவே.

சீம்பாலின் அருமை

முதற்பால் செரிக்காது என்று கறந்து கொட்டும் வழக்கம் சிலரிடம் உண்டு. இது பெருந்தவறு. ஆட்டின் நோயெதிர்ப்புச் சத்து நஞ்சுக்கொடி வழியே குட்டிக்குச் செல்வதில்லை. ஆகவே குட்டி நோயை எதிர்க்கும் ஆற்றலின்றியே பிறக்கிறது. அவ்வாற்றலைத் தருவது சீம்பால் ஒன்றே. அதனைக் கிரகிக்கும் சக்தியும் குட்டியின் குடலுக்கு நெடுநேரம் நிலைப்பதில்லை. மணிக்கு மணி குறைந்து, சுமார் 24 மணி நேரத்தில் அற்றுப்போகும். மறுநாள் எவ்வளவு பால் கொடுத்தாலும் இக்குறை தீராது.

எனவே, காம்பின் அடைப்பு நீங்க ஓரிரு பீர் மட்டும் கறந்துவிட்டு, ஒரு மணி நேரத்திற்குள் குட்டியை ஊட்ட விடுக. இரண்டரை கிலோ எடையுள்ள குட்டிக்கு முதல் நாளில் சுமார் 250 மில்லி சீம்பால் சிறுகச் சிறுகச் செல்லவேண்டும். குட்டியின் வாய்க்குள் விரல் வைத்தால் சில்லென்றிருப்பின், முதலில் சாக்கினால் துடைத்துச் சூடேற்றி, அதன் பின்னரே பால் புகட்டுக. விழுங்க இயலாத குட்டிக்கு ஊற்றினால் பால் நுரையீரலில் இறங்கிவிடும்.

தாய் மாண்டாலோ, மடியில் பாலற்றாலோ, அன்று ஈன்ற வேறோர் ஆட்டின் சீம்பாலைக் கறந்து ஊட்டலாம். அதுவும் கிட்டாதபோது பசுவின் சீம்பாலும் உதவும்.

சங்கம் செய்யக்கூடியது

அங்கத்தினர்கள் ஒரே பருவத்தில் கிடா சேர்த்தால் ஈற்றும் ஒருங்கே அமையும். அப்போது ஒரே நாளில் மருத்துவரை வரவழைத்து எல்லோருடைய சினையாடுகளுக்கும் தடுப்பூசி போடலாம். ஒருவர் பட்டியில் சீம்பால் குறைந்தால் அடுத்தவர் பட்டியிலிருந்து பெறலாம். கிடா சேர்த்த தேதியை ஒவ்வொருவரும் குறித்துவைத்தல் இதற்கு முதற்படியாகும்.