காற்று மின்சாரமும் பாரச் சக்கரமும்

2025 பெப்ரவரி 9 ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் நாடு முழுவதும் மின்சாரம் போனது வாசகர்களுக்கு ஞாபகமிருக்கும். பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதால் வந்த வினை என்றார்கள். கடைக்கு வந்தவர்கள் எல்லோரும் குரங்கைப் பற்றியே பேசிச் சிரித்தார்கள். எனக்கு வந்த கேள்வி வேறு. ஓரிடத்துப் பிழைக்கு முழு நாடும் ஏன் விழ வேண்டும்?

அன்று விடுமுறை நாள், மின் தேவை குறைவு. வெயிலோ நல்ல வெயில். பாவனையில் பாதிக்கு மேல் சூரிய மின்சாரமாக இருந்தது என்று பின்னர் விளக்கம் சொல்லப்பட்டது. அதில் என்ன தவறு என்று கேட்பீர்கள். அதற்கு வாப்பாவின் நெல்லுக் குத்தும் மில்லுக்குப் போக வேண்டும்.

அந்த மில்லின் டீசல் எஞ்சினில் ஆளுயரப் பாரச் சக்கரம் ஒன்று சுற்றும். யாராவது அவசரப்பட்டு நெல்லைக் கூடுதலாகக் கொட்டினால் எஞ்சின் ஒருகணம் திணறும்; ஆனால் நிற்காது. கூடுதல் எண்ணெய் போய்ச் சேரும்வரை சக்கரத்தின் பாரமே வேலையை இழுத்துக்கொண்டு போகும். நாட்டின் மின்சாரமும் அப்படித்தான். உற்பத்தியும் பாவனையும் கணத்துக்குக் கணம் சமமாக இருக்க வேண்டும். நமது கடையைப் போல மூட்டையில் இருப்பு வைக்கும் வியாபாரமல்ல இது. அந்தத் தராசின் முள்தான் மீடிறன். நமக்கு 50 ஹேர்ட்ஸ். பாவனை கூடினால் முள் கீழிறங்கும். அனல், நீர் மின்நிலையங்களின் பல தொன் பாரமுள்ள சுழலிகள் அந்த இறக்கத்தை மெதுவாக்கி, மற்ற இயந்திரங்கள் கைகொடுப்பதற்குச் சில செக்கன் அவகாசம் வாங்கித் தரும்.

சூரியப் பெனலில் சுழல்வது எதுவுமில்லை. காற்றாலையில் பென்னம்பெரிய இறக்கை சுழன்றாலும், இன்றைய காற்றாலைகளின் மின்சாரம் இலத்திரனியல் கருவிகள் வழியாகவே வலையமைப்புக்கு வருவதால், அந்த இறக்கையின் பாரம் தானாக உதவிக்கு வராது. காற்று பலமாக வீசி அனல் நிலையங்களை நிறுத்தும் நாளில் மின்சாரம் மலிவு, ஆனால் பாரச் சக்கரம் குறைவு.

இதற்கு வழி கண்டவர்களில் அயர்லாந்துக்காரர்கள் முக்கியமானவர்கள். எம்மைப் போலவே தீவு. அயலவரான பிரித்தானியாவுடன் நேரோட்டக் கேபிள்கள் வழியாகவே இணைப்பு. ஆகவே தமது மீடிறனைத் தாமே காக்க வேண்டும். 2023 இல் அவர்களது மின்சாரத்தில் மூன்றிலொரு பங்கு காற்றிலிருந்து வந்தது. இப்படிப்பட்ட மின்சாரம் ஒரே நேரத்தில் 50 வீதத்தைத் தாண்டக்கூடாது என்று முன்பு எல்லை வைத்திருந்தார்கள். அதைப் படிப்படியாகப் பரீட்சித்து உயர்த்தி, 2022 இல் 75 வீதமாக்கினார்கள்.

எப்படி? இங்கேதான் ஒரு வியாபாரிக்குப் பாடம் இருக்கிறது. அவர்கள் மின் அலகுக்கு மட்டும் காசு கொடுக்கவில்லை. மீடிறன் விழும்போது 2 செக்கனுக்குள் கைகொடுக்கும் பற்றரிக்கு ஒரு கொடுப்பனவு; சுழலும் பாரத்துக்கு இன்னொன்று. உறுதிப்பாட்டையே தனிச் சரக்காக்கி விலை வைத்தார்கள். மணிபொயின்ட் என்ற இடத்திலுள்ள மின்நிலையத்தில் 2022 இல் 130 தொன் பாரச் சக்கரம் ஒன்றைப் பூட்டினார்கள். அது எரிபொருள் எரிப்பதில்லை. வலையமைப்பிலிருந்து கொஞ்சம் மின்சாரம் எடுத்துச் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். வாப்பா கண்டிருந்தால் சிரித்திருப்பார். அந்த நிலையம் நிலக்கரி எரிப்பதை 2025 இல் நிறுத்தியது.

மன்னாரில் 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட தம்பபவனியில் 30 காற்றாலைகள், ஏறத்தாழ 100 மெகாவாட். அங்கே காற்று தாராளம். இன்னும் காற்றாலைகள் வரலாம். ஆனால் விலைமனு வந்தால் நாம் அலகுக்கு எவ்வளவு என்று மட்டுமே பேசுகிறோம். பற்றரிக்கும் சக்கரத்துக்கும் ஆகும் செலவை யாரும் கேட்பதில்லை. லொறிக்கூலியைச் சேர்க்காமல் அரிசிக்கு விலை போடுவது போன்றது இது.

ஒன்றை மறைக்கக்கூடாது. என் கடைக் கூரையிலும் பெனல் இருக்கிறது. அலகுகளை விற்கிறேனே தவிர, பாரம் என்று ஒரு அவுன்சும் நான் கொடுப்பதில்லை. அதற்காக எனக்கு வரும் காசில் கொஞ்சம் கழித்தால் முணுமுணுப்பேன். கணக்குப் பார்த்தால், கழிப்பது நியாயம்தான்.