அவரை பூக்கும் பொழுது

உங்கள் வீட்டுக் கொல்லையில் அவரைப் பந்தல் இருக்கிறதா? இருந்தால், புரட்டாசி மாதத்தில் அதைப் பார்த்து யாராவது ஒருவர் சொல்லுவார்: "வெறும் இலைதான். இது பூக்காது, வெட்டிப் போடு."

எங்கள் வீட்டில் வெட்டியே விட்டார்கள். நான் எட்டாம் வகுப்பு படித்தபோது, சீக்கிரம் காய் பறிக்கலாம் என்ற ஆசையில் சித்திரையிலேயே விதை ஊன்றினேன். கொடி பந்தலைத் தாண்டி ஓட்டுக் கூரைமேல் ஏறியது. ஐந்து மாதமாகியும் ஒரு மொட்டுகூட இல்லை. சரஸ்வதி பூசைக்காகக் கொல்லையைச் சுத்தம் செய்த அன்று அப்பா அரிவாளை எடுத்துவிட்டார். பக்கத்து வீட்டுப் பாட்டி ஆடியில் ஊன்றிய கொடியோ ஐப்பசி முடிவதற்குள் பூத்தது. என் கொடியைவிட மூன்று மாதம் இளைய கொடி!

என் கொடிக்கு என்ன குறை? எருவும் இட்டேன், தண்ணீரும் ஊற்றினேன். அது காத்துக்கொண்டிருந்தது நீண்ட இரவுகளுக்காக.

சென்னையில் ஜூன் 21ஆம் தேதி பகல் நேரம் ஏறக்குறைய 12 மணி 50 நிமிடம். டிசம்பர் 21ஆம் தேதி 11 மணி 20 நிமிடம். வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். நமக்கு அது அவ்வளவாகத் தெரிவதில்லை, அவரைக்குத் தெரிகிறது. நாட்டுப் பந்தல் அவரை, பகல் குறுகி இரவு நீளும்போதுதான் பூக்கும். இப்படிப்பட்டவற்றைக் குறும்பகல் தாவரங்கள் என்கிறோம்.

இதைக் கண்டுபிடித்தவர்கள் அமெரிக்க வேளாண்மைத் துறையைச் சேர்ந்த கார்னர், அல்லார்ட் என்ற இருவர். ஒரு சோயா மொச்சை வகையைச் சில வார இடைவெளிகளில் அவர்கள் விதைத்தார்கள். முன்னே விதைத்ததும் பின்னே விதைத்ததும் செப்டம்பரில் ஏறக்குறைய ஒன்றாகவே பூத்தன. என் கொடியின் கதையேதான்! பிறகு, கோடையில் பூக்காத ஒரு புகையிலை வகையைத் தினமும் மாலையில் வெளிச்சம் இருக்கும்போதே இருட்டுக் கொட்டகைக்குள் வைத்தார்கள். அது கோடையிலேயே பூத்தது. 1920இல் இந்த முடிவுகளை வெளியிட்டார்கள்.

1938இல் ஹாம்னர், பானர் என்ற இருவர் இன்னொரு வியப்பைக் காட்டினார்கள். மருளூமத்தைச் செடிக்கு நீண்ட இரவைக் கொடுத்து, அதன் நடுவே சிறிது நேரம் மட்டும் விளக்கேற்றினார்கள். செடி பூக்கவில்லை! ஆக, செடி அளப்பது பகலை அன்று, இடையறாத இருட்டைத்தான். அளக்கும் கருவி இலையில் இருக்கிறது. பைட்டோகுரோம் என்ற நிறமிப் பொருள் அதில் முக்கியமானது. சிவப்பு ஒளி பட்டதும் அது உருமாறும். இருட்டு போதிய அளவு நீண்டால் இலையிலிருந்து கொழுந்துக்கு ஒரு செய்தி போகிறது. அந்தச் செய்தி ஒரு புரதம் என்பது 2007இல்தான் தெளிவாயிற்று.

இனி உங்கள் தோட்டத்துக்கு வருவோம். பந்தல் அவரையை ஆடியில் ஊன்றுங்கள். முன்னே ஊன்றினால் நான் செய்ததுபோல இலைக்குத் தண்ணீர் சுமக்க வேண்டியதுதான். குத்து அவரை வேறு சங்கதி. பொழுதைப் பார்க்காத வகைகளாக அதில் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள், அதனால் எப்போதும் விதைக்கலாம். ஆவணி, புரட்டாசியில் பூவைக் காணோமே என்று எருவை அள்ளிக் கொட்டாதீர்கள். தழைச்சத்து மிகுந்தால் இன்னும் இலைதான் வளரும். ஐப்பசி மழையில் வேரடியில் தண்ணீர் தேங்காமல் வாய்க்கால் வெட்டிவிடுங்கள். நீரில் மூழ்கிய வேருக்கு மூச்சு முட்டும். கார்த்திகை, மார்கழியில் பூங்கொத்துகளைக் கறுப்பாக அசுவினி மொய்க்கும். கையால் துடைத்துத் தண்ணீரைப் பீய்ச்சுங்கள். அங்கே சிவப்புப் பொறிவண்டு தென்பட்டால் விட்டுவிடுங்கள், அசுவினிதான் அதற்குச் சாப்பாடு. தை முழுவதும் காய் பறிக்கலாம். மாசியில் நல்ல கொத்துகள் சிலவற்றைக் கொடியிலேயே முற்றிக் காயவிட்டால் அடுத்த ஆடிக்கு விதை ஆயிற்று. பங்குனி வெயிலில் அந்த இடத்தில் வெண்டையும் கொத்தவரையும் போடுங்கள். தக்காளி வேண்டாம், கடும் வெப்பத்தில் அதன் பூக்கள் உதிர்ந்துவிடும்.

ஒரு சோதனையும் செய்து பாருங்கள். ஆடியில் ஒரே காயின் விதைகளை இரண்டு பெரிய தொட்டிகளில் ஊன்றுங்கள். ஒன்றை இரவெல்லாம் எரியும் வாசல் விளக்குக்கு மிக அருகிலும், மற்றதை விளக்கொளி எட்டாத மூலையிலும் வையுங்கள். பகலில் இரண்டுக்கும் ஒரே அளவு வெயிலும் தண்ணீரும் கிடைக்க வேண்டும். முதல் பூ பூத்த தேதியைத் தனித்தனியே நோட்டில் குறியுங்கள். இரவில் மின்சாரம் நின்ற நாட்களையும், வீட்டில் யாராவது விளக்கை அணைத்துவிட்ட நாட்களையும் மறைக்காமல் எழுதுங்கள். கணக்குப் பார்க்கும்போது அவையும் தேவைப்படும்.