போன் திறக்காவிட்டால் அழிக்க அவசரப்பட வேண்டாம்

இன்று நமது வியாபாரிகளில் பலருக்குக் கடையின் அரைவாசி கைத்தொலைபேசிக்குள்தான் இருக்கிறது. யார் எவ்வளவு பாக்கி, கொழும்பிலிருந்து என்ன சரக்கு ஏறியது, வங்கியில் போட்ட பணத்தின் சிட்டை, வாங்கிய காசோலையின் படம், எல்லாம் அதற்குள்ளே. அந்தப் போனில் ஏதோ ஒரு செட்டிங்கை மாற்றி, அணைத்துத் திறந்தால், கம்பனியின் பெயர் மட்டும் வந்து வந்து மறைகிறது. உள்ளே போக முடியவில்லை. உடனே திருத்தும் கடைக்கு ஓடுகிறார்கள். "ரீசெட் அடிச்சாச் சரிவரும் நானா" என்கிறான் அங்கிருக்கும் தம்பி. போன் சரிவருகிறது. பாக்கிப் பட்டியல் போய்விடுகிறது.

இப்படிப்பட்ட போன் பெரும்பாலும் பழுதாகிய போன் அல்ல. நாம் மாற்றும் செட்டிங் போனுக்குள் எழுதிவைக்கப்படுகிறது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் போன் அதை வாசித்து அதன்படி நடக்கும். எழுதியதில் போனால் தாங்க முடியாத ஒன்று இருந்தால், வாசித்தவுடன் விழும், தானாக எழும்பும், மறுபடி அதையே வாசித்து விழும். பெற்றரியை மாற்றினாலும் இது தீராது.

இதற்கு நல்ல உதாரணம் 2020 மே மாத இறுதியில் நடந்தது. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் உள்ள சென்ற் மேரி ஏரியை கௌரவ் அகர்வால் என்பவர் எடுத்த அழகான படம் ஒன்று உலகமெங்கும் பரவியது. அதைத் திரைப்படமாக வைத்த சாம்சங், கூகுள் பிக்சல் போன்கள் பல, அன்ட்ரொய்ட் 10 இல் ஓடியவை, திறக்காமல் சுற்றத் தொடங்கின. படத்தில் வைரஸ் எதுவும் இல்லை. படத்தின் ஒவ்வொரு புள்ளியினதும் வெளிச்சத்தை 0 இலிருந்து 255 வரை போன் கணக்கிடுகிறது. இந்தப் படத்தின் வர்ண முறை வேறாக இருந்ததால் கணக்கு 255 ஐத் தாண்டிவிட்டது. அவ்வளவுதான். சிலர் 'சேஃப் மோட்' வழியாக உள்ளே போய்ப் படத்தை மாற்றித் தப்பினார்கள். வேறு சிலர் எல்லாவற்றையும் அழிக்க நேர்ந்தது. பிறகு அன்ட்ரொய்ட் 11 இல் இது திருத்தப்பட்டது. படம் எடுத்தவர் பாவித்தது ஐபோன்; அதில் அவர் வைத்திருந்தது மனைவியின் படமாம். ஆகவே அவருக்கு ஒன்றும் ஆகவில்லை!

ஐபோன்காரர்களும் சிரிக்க வேண்டாம். 2016 பெப்ரவரியில், திகதியை 1970 ஜனவரி 1 என்று மாற்றி அணைத்துத் திறந்த ஐபோன்கள் திறக்காமல் கிடந்தன. அடுத்த மாதம் வந்த ஐஓஎஸ் 9.3 தான் அதைத் தீர்த்தது.

எனவே வைத்தியத்திற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. தகவலுக்குச் சேதமில்லாதது முதலில், அழிப்பது கடைசியில். முதலில் அதற்குரிய சார்ஜரில் அரை மணித்தியாலம் போடுங்கள். பிறகு பவர் பொத்தானையும் சத்தம் குறைக்கும் பொத்தானையும் சேர்த்துப் பத்து, இருபது விநாடி அழுத்திப் பிடியுங்கள். பெரும்பாலான அன்ட்ரொய்ட் போன்கள் இதற்குப் பணியும். சிம், மெமரி கார்ட் இரண்டையும் கழற்றிவிட்டுத் திறந்து பாருங்கள். பழுதான மெமரி கார்ட் ஒன்றே போனை நிறுத்திவைக்கும்.

அதற்கும் மசியாவிட்டால் சேஃப் மோட். சாம்சங் போனில் பெயர் தோன்றும்போது சத்தம் குறைக்கும் பொத்தானை அழுத்தியபடி இருந்தால், நாமாக இறக்கிய ஆப்கள் எதுவும் ஓடாமல் போன் திறக்கும். எனக்குத் தெரிந்த இரும்புக்கடைக்காரர் ஒருவர், கண் மங்கல் என்று எழுத்தைப் பெரிதாக்கும் ஆப் ஒன்றை இறக்கி முகப்பாக வைத்தார். மறுநாள் திரை வருவதும் கறுப்பதுமாக இருந்தது. ஓரிடத்தில் ரீசெட் என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் தெருப் பையன் ஒருவன் இந்தப் பொத்தானைப் பிடித்து உள்ளே போய் ஆப்பை நீக்கினான். ஐந்து நிமிட வேலை. அப்படித் திறந்தால் மாற்றிய செட்டிங்கைப் பழையபடி வையுங்கள். ஆனால் அதற்கு முதல் முக்கியமானவற்றைப் பிரதி எடுங்கள்.

கடைசிக் கதவு 'ரிக்கவரி'. பவர் பொத்தானையும் சத்தம் கூட்டும் பொத்தானையும் சேர்த்துப் பிடித்தால் வரும். புதிய சாம்சங் போன்களுக்கு அப்போது கணினியுடன் கேபிளும் இணைந்திருக்க வேண்டும். அங்கே 'வைப் கேஷ் பார்ட்டிஷன்' என்ற வரி இருந்தால் அது ஆபத்தில்லாதது. அதற்கு அருகிலேயே 'வைப் டேட்டா' இருக்கும். அதுதான் எல்லாவற்றையும் அழிப்பது. விரல் தவறக் கூடாது. ஐபோனைக் கணினியில் இணைத்தால் 'அப்டேட்', 'ரீஸ்டோர்' என இரண்டு கேட்கும். அப்டேட் தகவலை வைத்திருக்கும், ரீஸ்டோர் அழிக்கும். இன்றைய போன்களில் தகவல் பூட்டெழுத்தில் இருப்பதால், ஒருமுறை அழித்ததை எந்தக் கடையாலும் திருப்பித் தர முடியாது. மீட்டுத் தருகிறேன் என்று காசு கேட்பவரை நம்பாதீர்கள். அழித்த பிறகு பழைய கூகுள் கணக்கின் கடவுச்சொல்லையும் போன் கேட்கும். மகன் திறந்து தந்த கணக்கு என்றால் மகனைத் தேட வேண்டிவரும்.

குர்ஆனின் மிக நீளமான வசனம் கடனை எழுதிவைப்பது பற்றியது, சூரத்துல் பகராவின் 282 ஆவது. 1990 ஒக்டோபர் 30 அன்று இரண்டு மணித்தியாலத்தில் யாழ்ப்பாணத்தைவிட்டு வெளியேற்றப்பட்ட நமக்கு, கொப்பி கைவிட்டுப்போனால் கொடுக்கல் வாங்கல் என்னவாகும் என்று யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. போனில் எழுதுங்கள், தவறில்லை. ஆனால் இரவு கடை பூட்டுமுன் அன்றைய பாக்கியைக் கொப்பியிலும் ஏற்றுங்கள். வாடிக்கையாளர் இலக்கங்களைப் போனில் மட்டுமன்றிக் கூகுள் கணக்கில் சேமியுங்கள்.

வட்ஸ்அப் பிரதியை நாளாந்தம் கூகுளுக்குப் போகும்படி வைத்திருந்தால் போன் செத்தாலும் பிழைக்கலாம். அதே சிம்மை வேறொரு போனில் போட்டு, அதே கூகுள் கணக்கைச் சேர்த்துத் திறந்தால், பழைய செய்திகளை மீட்கவா என்று கேட்கும். அவசரத்தில் அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். தாண்டிவிட்டால் அன்றிரவு எடுக்கப்படும் புதிய வெறும் பிரதி பழையதன்மேல் ஏறிவிடும். அதற்கு முன்பே வட்ஸ்அப்பை நீக்கி மறுபடி இறக்கி, அந்தக் கேள்விக்கு ஆம் என்று கொடுங்கள்.