மனு வராத பிரிவில் பூசல் இல்லையா?

திருச்சியின் திருவெறும்பூர், துவாக்குடி வட்டாரத் தொழிற்கூடங்களில், புகார் மனு வராத பிரிவில் பூசலே இல்லை என்ற பேச்சு எத்தனை முறை மறுக்கப்பட்டாலும் ஓய்வதில்லை. இது முழுத் தவறு; சொல்லிப் பயனில்லை என்று வாயை மூடிக்கொண்டவரின் மனத்தாங்கல் எந்த மனுவிலும் ஏறாது என்பதைக்கூட எண்ணிப் பாராமல், மனுக் கணக்கைப் பூசலின் அளவாகக் கொள்வது பொறுப்பற்ற செயல்.

பூசல் ஒரே வகையானதும் அன்று. கொதிகலன் குழாய் இணைப்பு ஒன்றை மறுபடி சூடேற்றிய பிறகே பற்றவைக்க வேண்டுமா என்று இரு வெல்டர்கள் வாதிடுவது, வேலையின் உள்ளடக்கம் பற்றியதாதலால் பணிசார் முரண்பாடு. இரவு ஷிப்டில் எக்ஸ்ரே சோதனைக்கு உடனிருப்பவர் யார் என்பது, பொறுப்பைப் பங்கிடுவது பற்றியதாதலால் நடைமுறை முரண்பாடு. ‘நம்மை ஓர் ஆளாகவே மதிப்பதில்லை’ என்ற குமுறல் உறவுசார் முரண்பாடு. முதலாவதையும் மூன்றாவதையும் 1995-இல் பிரித்து அளந்த பணிக்குழு ஆய்வாளர் கேரன் ஜென், 1997-இல் நடைமுறை முரண்பாட்டையும் சேர்த்தார்.

பணிசார் வாதம் எப்போதும் நன்மையே தரும் என்பது மற்றொரு நம்பிக்கை. பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்து 2003-இல் வெளிவந்த தொகுப்பாய்வு ஒன்று அதை ஏற்கவில்லை. 8,880 குழுக்களை உள்ளடக்கிய 2012-ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு, வாதம் ஆள்பகையோடு அதிகம் பின்னிக்கொள்ளாத இடங்களில் அது உதவும் வாய்ப்புக் கூடுதல் என்று காட்டியது. வயது முதிர்ந்தோர் இருந்தால் பூசல் தானே அடங்கும் என்பதற்கோ மறுப்பே தேவையில்லை. அடங்குவது குரல் மட்டுமே.

மனுக்களை எண்ணாமல் பூசலை அளக்கும் வழி, குழுவின் ஒவ்வொருவரிடமும் மூன்று வகைக்கும் தனித்தனியே வினாக்கள் கேட்டு, விடைகள் ஒத்துப்போகின்றனவா என்று சோதித்த பின்னரே சராசரி காண்பதாகும். நால்வர் அமைதி என்றும் இருவர் நரகம் என்றும் சொல்லும் குழுவுக்குச் சராசரி எதையும் உணர்த்தாது. ஆங்கில வினாத்தாளைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து, ‘உங்கள் குழுவில் மோதல் உண்டா’ என்று கேட்டால், அடிதடியை நினைத்துக்கொள்ளும் தொழிலாளி இல்லையென்றே எழுதுவார். மனத்தாங்கல், உரசல், பேச்சுவார்த்தை அற்றுப்போதல் என்ற பட்டறைச் சொற்களில் தமிழிலேயே வினாத்தாளை இயற்றும் பணியைத் திருச்சியின் மேலாண்மைக் கல்வி நிறுவனங்கள் இனியும் தள்ளிப்போடலாகாது.