தானே கொத்திக்கொள்ளும் அம்மி: குதிரையின் பற்களும் அவற்றைப் பேணும் முறையும்

‘தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே’ என்று நம் ஊரில் ஒரு பழமொழி உண்டு. விலை கொடுத்து வாங்கும் மாட்டின் பல்லைப் பார்த்து வயதைக் கணிப்பார்கள். இலவசமாக வந்த மாட்டுக்கு அந்த ஆராய்ச்சி எதற்கு என்பது இதன் பொருள். குதிரை வாங்குவோரும் முதலில் அதன் வாயைத்தான் திறந்து பார்ப்பர். ஆனால் வாங்கும் நாளில் பார்த்த பல்லை அதன் பிறகு எத்தனை பேர் பார்க்கிறார்கள்? அப்படிப் பார்க்காமல் விட்டால் என்ன நேரும்? இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கடற்கரையில் ஒரு காட்சி

தாம்பரத்திலிருந்து என் மாணவர்கள் சிலரை ஒரு சனிக்கிழமை மாலை பெசன்ட் நகர்க் கடற்கரைக்கு அழைத்துச் சென்றிருந்தேன். கடல் அலைகளின் அலைநீளத்தை மதிப்பிடுவது எங்கள் வேலை. அருகில் குழந்தைகளை ஏற்றிச் செல்லும் குதிரை ஒன்று நின்றிருந்தது. விலா எலும்புகள் தெரிந்தன. தீனி தின்னும்போது தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தது. சற்று நேரத்தில், பாதி மென்ற புல்லை ஈரமான உருண்டையாக மணலில் துப்பியது.

“தீனி குறைவில்லாமல்தான் வைக்கிறேன், சார். கொள்ளு, தவிடு எல்லாம் உண்டு. ஆனாலும் இளைத்துக்கொண்டே போகிறது. வயதாகிவிட்டது போலிருக்கிறது. வந்த விலைக்குத் தள்ளிவிடலாமா என்று பார்க்கிறேன்” என்றார் குதிரைக்காரப் பெரியவர்.

கால்நடை மருத்துவரான என் நண்பரிடம் இதைச் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்விதான்: “அதன் வாயைக் கடைசியாக யார் பார்த்தார்கள்?”

குதிரைக்கு எத்தனை பற்கள்?

வளர்ந்த குதிரைக்கு 36 முதல் 44 வரை பற்கள் இருக்கும். முன்னால் மேலும் கீழுமாக 12 வெட்டுப் பற்கள் உள்ளன. இவை புல்லைக் கத்தரிக்கும். ஆண் குதிரைக்குப் பெரும்பாலும் 4 கோரைப் பற்கள் உண்டு. பெண் குதிரைக்கு அவை பொதுவாக இருப்பதில்லை. பின்னால் பக்கத்திற்கு 6 வீதம் 24 கடைவாய்ப் பற்கள் வரிசையாக நின்று புல்லை அரைக்கின்றன. சில குதிரைகளுக்குக் கடைவாய் வரிசையின் முன்னே ‘ஓநாய்ப் பல்’ எனப்படும் சிறு பல்லும் முளைக்கும்.

நம் பல் முளைத்து நின்றபின் மேற்கொண்டு உயர்வதில்லை. எலியின் வெட்டுப் பல்லோ வாழ்நாள் முழுவதும் வளர்கிறது. குதிரையின் பல் இவ்விரண்டிலும் சேராதது. இளமையிலேயே உருவான நீண்ட பல்லின் பெரும்பகுதி தாடை எலும்புக்குள் புதைந்திருக்கிறது. மேற்புறம் தேயத் தேய, அடியில் உள்ள பகுதி ஆண்டுக்கு 2 முதல் 3 மி.மீ. வரை வெளியே தள்ளப்படுகிறது. பொத்தானை அழுத்தினால் முனை வெளிவரும் பென்சிலை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளிருக்கும் கரிக்குச்சி தீர்ந்துவிட்டால் எவ்வளவு அழுத்தியும் பயனில்லை. 7½ செ.மீ. நீளப் பல் ஆண்டுக்கு 3 மி.மீ. தேய்ந்தால் 25 ஆண்டுகளுக்கு வரும். குதிரையின் ஆயுளும் ஏறத்தாழ அவ்வளவுதான்!

அம்மியும் பல்லும்

முன்பெல்லாம் தெருவில் “அம்மி கொத்தலையோ!” என்று கூவிக்கொண்டு உளியோடு வருவார்கள். அரைத்து அரைத்து வழவழப்பான அம்மியில் மிளகாய் வழுக்கும், அரைபடாது. உளியால் கொத்திச் சொரசொரப்பாக்கிய பிறகே அம்மி மறுபடி அரைக்கும்.

குதிரையின் கடைவாய்ப் பல்லும் ஓர் அம்மிதான். அப்படியானால் அதைக் கொத்துவது யார்? பல்லின் அமைப்பே அந்த வேலையைச் செய்துகொள்கிறது. அதில் எனாமல், டென்டைன், சிமென்ட் என மூன்று பொருள்கள் உள்ளன. நம் பல்லில் எனாமல் மேலே ஓர் உறைபோல் அமைந்திருக்கிறது. குதிரையின் பல்லிலோ எனாமல் பல மடிப்புகளாக மடிந்து உள்ளே இறங்குகிறது. மடிப்புகளின் இடையே மற்ற இரண்டும் நிறைந்துள்ளன. மூன்றிலும் எனாமலே மிகக் கடினமானது. மென்மையானவை விரைவில் தேய்ந்து பள்ளமாகின்றன. எனாமல் மெதுவாகத் தேய்ந்து வரப்புகளாக நிற்கிறது. எவ்வளவு அரைத்தாலும் சொரசொரப்பு குறைவதில்லை. தானே கொத்திக்கொள்ளும் அம்மி இது!

கூர்முனைகள் தோன்றுவது ஏன்?

இவ்வளவு அருமையான கருவியிலும் ஒரு சிக்கல் உண்டு. குதிரையின் மேல்தாடை அகலமானது, கீழ்த்தாடை குறுகலானது. ஆகவே மேற்பற்களின் வெளி விளிம்பும் கீழ்ப்பற்களின் உள் விளிம்பும் எதிர்ப் பல்லோடு முழுவதுமாக உரசுவதில்லை. தாடையைப் பக்கவாட்டில் அகலமாக ஆட்டி மென்றால் மட்டுமே இந்த விளிம்புகளும் ஓரளவு தேயும்.

புல்வெளியில் விடப்பட்ட குதிரை ஒரு நாளில் 16 மணி நேரம்கூட மேயும். நீண்ட புல்லை அரைக்கத் தாடை அகலமாக அசைகிறது. தானியம் தின்னும்போதோ அசைவு குறுகிவிடுகிறது. நேரமும் குறைகிறது. 1 கி.கி. உலர்ந்த புல்லைத் தின்னக் குதிரைக்கு ஏறத்தாழ 40 நிமிடம் ஆகும்; 3,000 முறைக்கு மேல் மெல்லும். 1 கி.கி. ஓட்ஸ் தானியத்தை ஏறத்தாழ 10 நிமிடத்தில், 850 முறை மென்று தீர்த்துவிடும். 8 கி.கி. உலர்புல் தின்னும் குதிரை நாளொன்றுக்கு 24,000 முறைக்கு மேல் மெல்கிறது. அதற்கே 3 கி.கி. புல்லும் 4 கி.கி. தானியமும் வைத்தால் ஏறத்தாழ 12,400 முறைதான் மெல்லும். வேலை பாதியாகிறது, ஆனால் பல் வெளிவருவது நிற்பதில்லை. உரசாத விளிம்புகள் நாளடைவில் கூர்முனைகளாகின்றன. மேயும் குதிரைக்கும் இது சிறிதளவு உண்டு. லாயத்தில் தானியம் தின்னும் குதிரைக்கு மிகுதி.

மேல் முனைகள் கன்னத்தையும், கீழ் முனைகள் நாக்கையும் கிழிக்கின்றன. இங்கே நாம் பாடத்தில் படித்த அழுத்தம் நினைவுக்கு வரவேண்டும். கடிவாளத்தின் வார் கன்னத்தைப் பல்லின்மீது 10 நியூட்டன் விசையோடு அழுத்துவதாகக் கொள்வோம். அந்த விசை 1 சதுர செ.மீ. பரப்பில் பரவினால் அழுத்தம் 1,00,000 பாஸ்கல். அதுவே 1 சதுர மி.மீ. முனையில் குவிந்தால் 1,00,00,000 பாஸ்கல். அதாவது நூறு மடங்கு! விசை ஒன்றே, பரப்புதான் வேறு. ஆணி சுவரில் இறங்குவதும் இதனால்தானே?

வாய் புண்ணான குதிரை மெல்லத் தயங்குகிறது. தலையைச் சாய்க்கிறது, பாதி மென்றதைத் துப்புகிறது, எச்சில் ஒழுகுகிறது. சரியாக அரைபடாததால் அதன் லத்தியில் முழுத் தானியமும் நீண்ட நாரும் காணப்படும். கடிவாளத்தை இழுத்தால் தலையை உதறும். ‘முரட்டுக் குதிரை’ என்று அடி வாங்குவதும் உண்டு. அதற்குச் சொல்லத் தெரிந்த மொழி அவ்வளவுதான்.

அரம் செய்யும் வேலை

பெரியவரின் குதிரையை அடுத்த வாரம் மருத்துவர் பார்த்தார். மயக்க ஊசி சிறிதளவு போட்டு, வாயைத் திறந்து நிறுத்தும் இரும்புக் கருவியைப் பொருத்தினார். வாயைத் தண்ணீரால் கழுவி, விளக்கொளியில் காட்டினார். இரு கன்னங்களிலும் உள்ளே நீளமான புண்கள்! மேற்பற்களின் ஓரம் ரம்பம்போல் இருந்தது.

பிறகு நீண்ட பிடியுள்ள அரத்தால் அந்த ஓரங்களை அராவினார். எனாமலில் நரம்பு இல்லை. எனவே முனையை மட்டும் அராவும்போது வலிப்பதில்லை. அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது.

“அவ்வளவுதானா, டாக்டர்? இன்னும் நன்றாகத் தேய்த்து வழவழவென்று ஆக்கிவிடுங்களேன்” என்றார் பெரியவர்.

மருத்துவர் மறுத்துவிட்டார். அவர் கூறிய காரணம் நாம் கவனிக்கத்தக்கது. அரைக்கும் பரப்பில் உள்ள எனாமல் வரப்புகளையும் தேய்த்துவிட்டால் கொத்தாத அம்மியாகிவிடும், புல் அரைபடாது. மேலும் வீணாக 3 மி.மீ. அராவுவது பல்லின் ஓராண்டு இருப்பை அழிப்பதாகும். மின்சார அரத்தில் இன்னோர் ஆபத்தும் உண்டு. உராய்வுக்கு எதிராகச் செய்யும் வேலை வெப்பமாக மாறுகிறது. ஒரே இடத்தில் நெடுநேரம் ஓட்டினால் அந்த வெப்பம் உள்ளே பரவி, பல்லின் உயிருள்ள கூழைக் கெடுத்துவிடும். ஆகவே விட்டுவிட்டும் நீர் ஊற்றியும் அராவ வேண்டும். கூரிய விளிம்பை மட்டும் மழுக்கு, மற்றதைத் தொடாதே என்பதே இக்கலையின் விதி.

எப்போது பார்க்க வேண்டும்?

வளர்ந்த குதிரையின் வாயை ஆண்டுக்கு ஒரு முறையேனும் மருத்துவர் பார்க்க வேண்டும். 2½ முதல் 5 வயது வரை 24 பால் பற்கள் விழுந்து நிலைப் பற்கள் முளைப்பதால், அப்பருவத்தில் ஆறு மாதத்திற்கு ஒரு முறை பார்ப்பது நல்லது. முதிய குதிரைக்கும் அப்படியே. அரம் பிடிக்கத் தெரிந்தவரெல்லாம் பல் வைத்தியராகிவிட முடியாது. கால்நடை மருத்துவம் செய்வதற்குரிய தகுதியை 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டம் வரையறுத்துள்ளது. சென்னையில் 1903 முதலே வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்கி வருகிறது.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டிற்கு வந்த மார்க்கோ போலோ, இங்குள்ள அரசர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகளைக் கடல் கடந்து வரவழைத்ததையும், பேணத் தெரிந்தவர் இல்லாமையால் அவற்றுள் பெரும்பாலானவை ஆண்டு முடிவதற்குள் மடிந்ததையும் எழுதியுள்ளார். அவற்றுக்குச் சோறும் வேகவைத்த இறைச்சியும் கொடுத்தார்களாம்! புல்லை அரைப்பதற்கென்றே அமைந்த பல்லுக்கு அது ஏற்ற உணவா என்பதை நீங்களே முடிவு செய்யலாம்.

இரண்டு மாதம் கழித்து அதே கடற்கரைக்குச் சென்றேன். குதிரையின் விலா எலும்புகள் மறைந்திருந்தன. பெரியவர் தவிட்டைக் குறைத்துப் புல்லைக் கூட்டியிருந்தார். “விற்கவில்லையா?” என்று கேட்டேன். “வயதாகிவிட்டது என்று நினைத்தேன், சார். பசிதான் என்று தெரியாமல் போயிற்று” என்றார்.

செய்து பாருங்கள்

அகலமான செங்கல் துண்டு ஒன்றைத் தரையில் வையுங்கள். குறுகலான மற்றொரு துண்டை அதன் நடுவில் வைத்து, சிறு வீச்சில் இப்படியும் அப்படியுமாகத் தேயுங்கள். நடுவில் பள்ளம் விழும். இரு ஓரங்களும் உயர்ந்து நிற்கும். இப்போது இரு ஓரங்களையும் தாண்டிச் செல்லுமாறு அகலமாகத் தேயுங்கள். என்ன நிகழ்கிறது? புல்லுக்கும் தானியத்துக்கும் உள்ள வேறுபாடு உங்கள் கையிலேயே தெரியும்.

சிந்திக்க

1. பல் முழுவதும் எனாமலால் மட்டுமே ஆகியிருந்தால், குதிரையால் புல்லை நன்கு அரைக்க முடியுமா?

2. ஆண்டுக்கு 2½ மி.மீ. தேயும் பல்லில் 5 செ.மீ. மீதியிருக்கிறது. அது இன்னும் எத்தனை ஆண்டுகளுக்கு வரும்?

3. குதிரையின் வாயைத் திறந்து பாராமலே பல் கோளாறு என்று ஐயப்பட உதவும் அறிகுறிகள் மூன்றைக் கூறுக.