கமத்தொழில் இயந்திரங்களும் வருமான வரிக் கணக்கும்

கமக்காரர் தம் தொழிலிற் செலவிடும் பணம் இருவகைப்படும். விதை, பசளை, கிருமிநாசினி, எரிபொருள், கூலி ஆகியவற்றுக்குச் செலவிடுவது ஒரு போகத்துடன் முடிந்துவிடும். இரு சில்லு உழவு இயந்திரம், நீரிறைக்கும் இயந்திரம், மருந்து தெளிகருவி, சூடடிக்கும் இயந்திரம் என்பன பல போகங்கட்குப் பயன்படுவன. வருமான வரிக் கணக்கில் இவ்விருவகைச் செலவுகளும் வெவ்வேறு முறையில் எழுதப்படல் வேண்டும். அம்முறையை எடுத்துரைப்பதே இத்துண்டுப்பிரசுரத்தின் நோக்கமாகும்.

இதனை இப்பொழுது அறிதல் ஏன் அவசியம்?

பதனிடாது விற்கப்படும் பயிர் விளைபொருள்களால் வரும் இலாபத்துக்கு 2019 ஏப்ரல் 1 முதல் ஐந்து ஆண்டுகட்கு வருமான வரி விலக்கு அளிக்கப்பட்டிருந்தது. அவ்விலக்கு 2024 மார்ச்சு 31 உடன் முடிவடைந்தது. விலக்கிருந்த காலத்திற் கணக்கெழுதாதிருந்த பழக்கத்தைக் கமக்காரர் இனிக் கைவிடல் வேண்டும்.

எனினும் எல்லாரும் வரி செலுத்த வேண்டுமென்பதில்லை. 2025 ஏப்ரல் 1இல் ஆரம்பமான மதிப்பாண்டில், ஒருவருடைய எல்லா வருமானங்களையும் கூட்டி, ஆண்டுக்கு 18,00,000 ரூபா வரை தனியாள் நிவாரணம் உண்டு. அதற்கு மேற்பட்ட முதற் பத்து இலட்சம் ரூபாவுக்கு நூற்றுக்கு 6 வீதம் வரியாகும். பெருமளவில் மரக்கறி பயிரிடுவோரும், பல ஏக்கர் நெல் செய்வோரும் இவ்வெல்லையைத் தாண்டுதல் கூடும்.

எழுதும் முறை

போகச் செலவுகளை அவ்வாண்டு வருமானத்திலிருந்தே முழுவதாகக் கழிக்கலாம். நீடித்துழைக்கும் இயந்திரத்தின் விலையையோ ஒரே ஆண்டிற் கழித்தல் இயலாது. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின்படி, இத்தகைய இயந்திரங்களின் விலை ஐந்து ஆண்டுகட்குச் சமமாகப் பகிர்ந்து கழிக்கப்படும். இது தேய்மானக் கழிவாகும். மதிப்பாண்டின் முடிவில் இயந்திரம் கமக்காரருக்கு உரியதாயும், அவர் தொழிலிற் பயன்படுவதாயும் இருத்தல் வேண்டும். ஓராண்டுக்குரிய கழிவை மறு ஆண்டுக்கு ஒத்திவைக்க இயலாது. வெள்ளத்தாலோ வரட்சியாலோ தொழிலில் நட்டம் நேரின், அந்நட்டத்தை அடுத்த ஆறு ஆண்டுகள் வரை கொண்டுசெல்லலாம்.

ஓர் உதாரணம்

ஒருவர் 6,00,000 ரூபாவுக்கு இரு சில்லு உழவு இயந்திரம் வாங்கினார் எனக் கொள்வோம். ஆண்டுக்குரிய கழிவு 1,20,000 ரூபா. போகச் செலவுகள் போக அவர் வருமானம் 20,00,000 ரூபா.

கழிவை எழுதாவிடின், நிவாரணம் போக எஞ்சும் 2,00,000 ரூபாவுக்கு வரி 12,000 ரூபா. எழுதினால், எஞ்சுவது 80,000 ரூபா. வரி 4,800 ரூபா. ஆண்டுக்கு மிச்சம் 7,200 ரூபா. வருமானமும் வரி வீதமும் நிவாரணமும் மாறாவிடின் ஐந்து ஆண்டுகளில் 36,000 ரூபா மிஞ்சும்.

சிட்டையைப் பேணுதல்

பெலியகொடை மனிங் சந்தைக்கு மரக்கறி கொண்டுவரும் கமக்காரர், திரும்பும் வழியிற் களனி ஆற்றைக் கடந்து கிராண்ட்பாஸிலோ, அதற்கு அண்மையிலுள்ள பழைய சோனகத் தெருவிலோ இயந்திரமும் உதிரிப்பாகங்களும் வாங்குதல் உண்டு. "சிட்டை வேண்டாமெனின் விலையைக் குறைக்கலாம்" என்று கடைக்காரர் எவரேனும் கூறின், உடனே இணங்கற்க. சிட்டையில்லாத இயந்திரத்தின் விலையை வரி அலுவலர்க்கு நிறுவுதல் அரிது. குறைக்கும் தொகையையும் ஐந்தாண்டுக் கழிவால் வரும் நன்மையையும் ஒப்பிட்டுப் பார்த்தே முடிவு செய்தல் வேண்டும். சிட்டையின்றேல் உத்தரவாதமும் இல்லாமற் போதல் கூடும்.

சிட்டையிற் பின்வருவன உளவா எனக் கடையிலேயே பார்த்துக்கொள்க:

1. கடையின் பெயரும் முகவரியும்
2. வாங்குபவரின் முழுப்பெயர்
3. திகதி
4. இயந்திரத்தின் வகையும் தொடரிலக்கமும்
5. செலுத்திய தொகை

சிட்டையின் மை காலத்தால் மங்கக்கூடும். ஆதலின் அதன் பிரதியொன்றை எடுத்து, மூலச்சிட்டையுடன் ஓர் உறையிலிட்டு, ஐந்து கழிவாண்டுகள் முடிந்த பின்னரும் மேலும் ஐந்து ஆண்டுகளேனும் பேணுதல் நன்று.

கவனிக்க வேண்டிய பிற

நீரிறைக்கும் இயந்திரம் தோட்டத்துக்கும் வீட்டுக்கும் பயன்படுமாயின், தோட்டத்துக்குரிய பங்கை மாத்திரமே கணக்கிற் சேர்க்கலாம். உழவு இயந்திரத்தை அயலவர்க்கு வாடகைக்கு விடின், அவ்வாடகையும் வருமானமேயாம்.

இடையில் இயந்திரத்தை விற்பின் அதனையும் காட்டுதல் வேண்டும். மேற்கூறிய உழவு இயந்திரம் மூன்று ஆண்டுக் கழிவின் பின் கணக்கிற் பெறும் மதிப்பு 2,40,000 ரூபா. அதனை 3,00,000 ரூபாவுக்கு விற்பின், மேலதிகமான 60,000 ரூபா வருமானத்துடன் சேர்க்கப்படும்.

மதிப்பாண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச்சு 31 வரையாகும். வருமான விவரத்திரட்டை அதன்பின் வரும் நவம்பர் 30க்கு முன் அனுப்புதல் வேண்டும். வீதங்களும் நிவாரணமும் காலத்துக்குக் காலம் மாறுமாதலால், கொழும்பு 2, சேர் சிற்றம்பலம் ஏ. கார்டினர் மாவத்தையிலுள்ள உள்நாட்டு இறைவரித் திணைக்களத்திலேனும், அதன் பிராந்திய அலுவலகத்திலேனும் விசாரித்தறிக. கணக்குப் புத்தகம் எழுதும் முறையை உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியருடன் கலந்து பேசுக.

விதைநெல்லை அடுத்த போகத்துக்கெனப் பத்திரப்படுத்தும் கமக்காரருக்குச் சிட்டையைப் பத்திரப்படுத்துதல் கடினமான காரியமன்று.