நாய் ஓடுகிறது, தவறுவது யார்?

நம்பிக்கைகளும் உண்மைகளும்

கம்பங்களுக்கு நடுவே பாம்பாய் நெளிந்து, குழாய்க்குள் நுழைந்து மறுபக்கம் பீறிட்டு வந்து, பலகை மேலேறி இறங்கும் நாய்களின் விடியோவைக் கைப்பேசியில் பார்க்காதவர்கள் இன்று குறைவு. அந்த விளையாட்டுக்கு அஜிலிட்டி என்று பெயர். நாயோடு ஓடி வழிகாட்டுபவரை ஹேண்ட்லர் என்பார்கள். விடியோவைப் பார்க்கும் கண் நாயை விட்டு நகர்வதில்லை, பக்கத்தில் ஓடும் மனிதரை யாரும் கவனிப்பதில்லை. இந்த விளையாட்டைப் பற்றிய தவறான நம்பிக்கைகளில் பெரும்பாலானவை அங்கேதான் தொடங்குகின்றன.

நம்பிக்கை 1: இது சர்க்கஸ் வித்தை. நாய் பாதையை மனப்பாடம் செய்து ஓடுகிறது.

உண்மை: காவல் துறை விழாக்களில் மோப்ப நாய்கள் நெருப்பு வளையம் தாண்டுவதைப் பார்த்துப் பழகிய நமக்கு இப்படித் தோன்றுவது இயல்பு. அந்தச் சாகசம் ஒத்திகை பார்த்து நடத்தப்படுவது. அஜிலிட்டியில் ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவர் புதிதாகப் பாதை வகுக்கிறார். சர்வதேச விதிகளில் 15 முதல் 22 தடைகள் வரை இருக்கும், அவற்றின் வரிசை எண்ணிட்டு வைக்கப்பட்டிருக்கும். போட்டிக்கு முன் சில நிமிடங்கள் ஹேண்ட்லர்கள் மட்டும் களத்தில் நடந்து பார்க்கலாம். நாய்க்கு அந்த அனுமதி கிடையாது. அது பாதையை முதன்முதலாகப் பார்ப்பதே ஓடத் தொடங்கிய பிறகுதான். எண்களைப் படிக்க அதற்குத் தெரியாது. அடுத்தது எது என்பதை ஓடிக்கொண்டே மனிதரிடமிருந்து அறிந்துகொள்கிறது.

வித்தை என்ற நினைப்புக்கு வரலாற்றிலும் ஒரு காரணம் உண்டு: இந்த விளையாட்டு இடைவேளை நிரப்பத்தான் பிறந்தது. 1978இல் லண்டன் ஒலிம்பியா அரங்கில் நடந்த க்ரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், நிகழ்ச்சிகளுக்கு நடுவே பார்வையாளர்களுக்குப் பொழுதுபோக ஏதாவது வேண்டும் என்று கண்காட்சிக் குழு உறுப்பினர் ஜான் வார்லி விரும்பினார். அவருக்காகப் பயிற்சியாளர் பீட்டர் மீன்வெல், குதிரைகளின் தடைதாண்டும் போட்டியைப் பின்பற்றி இதை வடிவமைத்தார். 1980இல் பிரிட்டனின் கென்னல் கிளப் விதிகள் வகுத்து இதைப் போட்டியாக ஏற்றுக்கொண்டது. எஃப்சிஐ எனும் சர்வதேச நாய்க் கூட்டமைப்பின் உலகச் சாம்பியன் போட்டி 1996இல் தொடங்கியது.

நம்பிக்கை 2: பார்டர் கோலி போன்ற உயர்ந்த இன நாய்களுக்கே இது வரும்.

உண்மை: இதில் பாதி சரி. பெரிய நாய்களுக்கான பிரிவில் பார்டர் கோலிகளின் கை ஓங்கியிருப்பதை மறுக்க முடியாது. ஆட்டு மந்தைகளை மடக்கும் வேலைக்காக, தொலைவில் நிற்கும் மனிதரின் குறிப்பறிந்து சட்டெனத் திரும்பும் குணத்துக்காகத் தலைமுறைகளாகத் தேர்ந்து வளர்க்கப்பட்ட இனம் அது.

ஆனால் எல்லா நாய்களும் ஒரே உயரத்தைத் தாண்டுவதில்லை. நாயின் தோள் உயரத்தை அளந்து பிரிவுகளாகப் பிரித்து, அதற்கேற்பத் தடைகளை உயர்த்தியும் தாழ்த்தியும் வைப்பார்கள். சிறிய நாய் சிறிய நாயோடுதான் மோதுகிறது. அமெரிக்காவின் புகழ்பெற்ற வெஸ்ட்மின்ஸ்டர் கண்காட்சியில் 2014இல் தொடங்கிய அஜிலிட்டி சாம்பியன் பட்டத்தை, 2024இல் நிம்பிள் என்ற சின்னஞ்சிறு கலப்பின நாய் வென்றது. பார்டர் கோலியும் பாப்பியோன் என்ற குட்டி இனமும் கலந்த பிறவி அது. அந்தப் பட்டத்தை வென்ற முதல் கலப்பின நாயும் அதுவே. எஃப்சிஐயின் உலகப் போட்டிக்கு வம்சச் சான்று வேண்டும் என்பது உண்மைதான். கலப்பின நாய்களை அனுமதிக்கும் போட்டிகளும் உலகில் நிறைய உள்ளன.

நம் சிப்பிப்பாறையும் ராஜபாளையமும் கண்ணால் பார்த்துத் துரத்தும் வேட்டை நாய்கள். நேர்கோட்டில் அவற்றின் வேகம் பேர்பெற்றது. அஜிலிட்டிக்கு வேண்டியதோ ஐந்து மீட்டருக்கு ஒரு திருப்பம், ஒவ்வொரு திருப்பத்திலும் மனிதரைத் திரும்பிப் பார்க்கும் பழக்கம். அதைக் கற்றுக்கொடுக்கக் கூடுதல் பொறுமை வேண்டும். தெருவில் வளர்ந்த நாட்டு நாயும் கற்றுக்கொள்ளும். வீட்டு விளையாட்டாகவோ உள்ளூர்ப் பயிற்சியாகவோ செய்வதற்கு இனம் ஒரு தடையே அல்ல.

நம்பிக்கை 3: "தாண்டு", "நுழை" என்ற சொல்லைக் கேட்டுத்தான் நாய் ஓடுகிறது.

உண்மை: சொல்லுக்கும் பங்கு உண்டு. குழாயும் நடைப்பலகையும் அருகருகே இருக்கும்போது எதை நோக்கி ஓடுவது என்று பிரித்துச் சொல்ல அதற்கென்று பழக்கிய சொல்தான் உதவும். ஆனால் சொல்லும் உடலும் முரண்பட்டால் பெரும்பாலான நாய்கள் உடலையே நம்புகின்றன. மனிதரின் பாதம் எந்தத் திசையைக் காட்டுகிறது, தோள் எங்கே திரும்புகிறது, ஓட்டம் கூடுகிறதா குறைகிறதா என்பதே அவற்றுக்கான கட்டளை. ஹேண்ட்லர் வேகம் கூட்டினால் "நேராகப் பாய்" என்று பொருள். வேகத்தைக் குறைத்தால் "தாண்டியதும் ஒடுங்கித் திரும்பு" என்று பொருள்.

பாதை வலமும் இடமுமாக மாறும்போது மனிதரும் நாயின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாற வேண்டும். அதற்கு மூன்று வழிகள் உண்டு. நாய்க்கு முன்னால் அதை முகம் பார்த்தபடி சுழன்று மாறுவது ஃபிரண்ட் கிராஸ். முன்னால் ஓடியபடியே நாய்க்கு முதுகு காட்டி மாறுவது பிளைண்ட் கிராஸ். நாயை முன்னே அனுப்பிவிட்டு அதன் பின்னால் குறுக்கே போவது ரியர் கிராஸ். எதை எங்கே செய்வது என்பதை முடிவு செய்யத்தான் போட்டிக்கு முன் களத்தில் அந்த நடை. நாயில்லாத களத்தில் பெரியவர்கள் கையை வீசிக்கொண்டு தனியே சுழல்வதைப் பார்க்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் பாதிப் போட்டி அந்த நிமிடங்களிலேயே முடிவாகிவிடுகிறது.

எல்லாவற்றையும்விட நேரம் முக்கியம். தேர்ந்த நாய் நொடிக்கு ஐந்து மீட்டருக்கு மேல் ஓடும். தரையிலிருந்து எழும்பிய பிறகு அதனால் திசையை மாற்ற முடியாது. திரும்ப வேண்டும் என்ற குறிப்பு, நாய் எழும்புவதற்கு முன்பே அதன் கண்ணில் பட்டாக வேண்டும். தாண்டிய பிறகு கையைக் காட்டுவது, வண்டியைத் திருப்பிய பிறகு இண்டிகேட்டர் போடுவது மாதிரி. நாய் அகலமாகச் சுற்றியோ தவறான தடையில் ஏறியோ போய்விடும். பார்ப்பவர்கள் "நாய் சொன்னபடி கேட்கவில்லை" என்பார்கள். உண்மையில் அது கிடைத்த குறிப்புக்குச் சரியாகக் கீழ்ப்படிந்திருக்கும்.

வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். தரையில் இரண்டு வாளிகளைக் கவிழ்த்து வையுங்கள். வாயால் ஒரு வாளியின் பக்கம் போகச் சொல்லிக்கொண்டே, காலால் மற்றதை நோக்கி ஓடுங்கள். உங்கள் நாய் எதை நம்புகிறது என்று தெரிந்துவிடும்.

நம்பிக்கை 4: வேகமான நாயே வெல்லும்.

உண்மை: முதலில் பிழை, பிறகுதான் நேரம். தாண்டும் தடையின் கம்பு விழுந்தால் 5 பிழைப் புள்ளிகள். தடைக்கு முன் நின்றாலோ அதைத் தாண்டாமல் விலகிப் போனாலோ 5 புள்ளிகள், அதுவே மூன்று முறை நடந்தால் வெளியேற்றம். வரிசை மாறித் தவறான தடையைத் தாண்டினால் அந்த நொடியே ஆட்டம் முடிந்தது. எனவே பிழையில்லாமல் நிதானமாக ஓடிய நாய், ஒரு கம்பைத் தட்டிவிட்ட மின்னல் வேக நாயை முந்திவிடும்.

வேகமான நாய்களின் காலை அதிகம் வாருவது பலகைத் தடைகள்தான். கூரைபோல் சாய்ந்த ஏ ஃபிரேம், நடைப்பலகை, சீசா ஆகிய மூன்றின் கீழ்ப்பகுதியும் வேறு நிறத்தில் தீட்டப்பட்டிருக்கும். நாயின் ஒரு பாதமாவது அந்தப் பகுதியில் பட வேண்டும். நடைப்பலகை ஒரு மீட்டருக்கும் மேல் உயரமானது. உச்சியிலிருந்து நேரே தரைக்குக் குதித்தால் முன்கால்களும் தோளும் அடிவாங்கும் என்பதாலேயே இந்த விதி. பின்கால் இரண்டும் பலகையில், முன்கால் இரண்டும் தரையில் என நிற்கப் பழக்குவது ஒரு முறை. நிற்காமல் ஓடியபடியே அந்த நிறப்பகுதியை மிதிக்கப் பழக்குவது இன்னொன்று. இரண்டாவது முறையைப் பரப்பியவர்களில் ஸ்லோவேனியாவின் சில்வியா டர்க்மன் முக்கியமானவர்.

வளைந்தோடும் கம்பங்களிலும் இதே கதைதான். 60 சென்டிமீட்டர் இடைவெளியில் 12 கம்பங்கள் நிற்கும். முதல் கம்பம் நாயின் இடத் தோள் பக்கம் இருக்கும்படி நுழைய வேண்டும். நெளிந்து ஓடுவதை நாய் கற்றுக்கொண்டுவிடுகிறது. எந்தக் கோணத்தில் ஓடிவந்தாலும், எவ்வளவு வேகத்தில் வந்தாலும் சரியான இடைவெளியில் நுழைவதுதான் கடினம். கனடாவின் சூசன் காரெட் இரண்டிரண்டு கம்பங்களாக நட்டு, முதலில் நுழைவை மட்டும் பழக்கும் முறையைப் புகழ்பெறச் செய்ததற்குக் காரணமும் இதுவே.

நம்பிக்கை 5: குட்டியாக இருக்கும்போதே தாண்டப் பழக்கினால்தான் தேறும்.

உண்மை: இது ஆபத்தான நம்பிக்கை. வளரும் நாயின் நீள எலும்புகளின் முனைகளில் வளர்ச்சித் தட்டுகள் மென்மையாக இருக்கும். பெரிய இனங்களில் அவை மூட ஓராண்டுக்கும் மேலாகலாம். அதற்குள் முழு உயரத்துக்குத் திரும்பத் திரும்பத் தாண்டவிட்டால் மூட்டுகள் வாழ்நாளுக்கும் பாதிக்கப்படலாம். எஃப்சிஐ போட்டிகளில் 18 மாதம் ஆகாத நாயைச் சேர்ப்பதே இல்லை. அமெரிக்கக் கென்னல் கிளப்பின் வரம்பு 15 மாதம்.

அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. கூப்பிட்டால் ஓடிவருவது, சொல்லும்வரை ஓரிடத்தில் காத்திருப்பது, தரையில் கிடத்திய பலகை மீது நடப்பது, தரையோடு வைத்த கம்புகளைப் பார்த்துத் தாண்டி நடப்பது, பின்னால் நகர்வது ஆகியவற்றைக் கற்றுத்தரலாம். முன்கால் போன வழியில் பின்காலும் வருகிறது என்ற உணர்வு பல நாய்களுக்குத் தானாக வருவதில்லை. அதைச் சொல்லிக்கொடுக்க இதுவே நல்ல வயது.

நம்பிக்கை 6: கண்டிப்பு இல்லாமல் கட்டுப்பாடு வராது, தீனி கொடுத்தால் தீனிக்கு மட்டுமே ஓடும்.

உண்மை: களத்துக்குள் தீனிக்கும் பொம்மைக்கும் அனுமதி இல்லை. கயிறு இல்லாமல் ஓடுவதே விதி. நாயைத் தொடவும் கூடாது. கயிற்றை இழுத்தும் அதட்டியும் பழக்கிய நாய் இங்கே என்ன செய்யும்? மெதுவாகும், மோப்பம் பிடிக்கத் தொடங்கும், அல்லது களத்தைச் சுற்றி வெறிபிடித்ததுபோல் ஓடும். இவற்றைத் திமிர் என்று நினைப்பவர்கள் உண்டு. பல நேரங்களில் அவை பதற்றத்தின் அறிகுறிகள்.

போர்ச்சுகலைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 92 வளர்ப்பு நாய்களைக் கவனித்து 2020இல் வெளியிட்ட ஆய்வில், தண்டனை சார்ந்த பள்ளிகளில் பயின்ற நாய்களிடம் பதற்ற நடத்தையும், பயிற்சிக்குப் பின் உமிழ்நீரில் கார்ட்டிசால் எனும் மன அழுத்த ஹார்மோனின் உயர்வும் அதிகமாக இருந்தன. அமெரிக்கக் கால்நடை நடத்தையியல் சங்கமும் 2021இல் எல்லா நாய்களுக்கும் வெகுமதி சார்ந்த பயிற்சியையே பரிந்துரைத்தது. தீனி லஞ்சமாகிவிடும் என்ற அச்சத்துக்கும் வழி உண்டு. முதலில் ஒவ்வொரு தடைக்கும் பரிசு, பிறகு இரண்டுக்கு ஒன்று, பிறகு முழு ஓட்டத்துக்கும் ஒன்று. பரிசு எப்போது வரும் என்று தெரியாத நாய், வரும் என்ற நம்பிக்கையோடு ஓடிக்கொண்டே இருக்கும்.

நம்பிக்கை 7: விளையாட்டுதானே, நாய்க்கு என்ன ஆகிவிடும்?

உண்மை: 1,669 ஹேண்ட்லர்களிடம் அவர்களின் 3,801 அஜிலிட்டி நாய்களைப் பற்றிக் கேட்டு 2013இல் வெளியான கணக்கெடுப்பில், ஏறத்தாழ மூன்றில் ஒரு நாய்க்குக் காயம் பட்டிருந்தது. தோள்பட்டைக் காயம் அவற்றில் முன்னணியில் இருந்தது. எனவே ஓடுவதற்கு முன் உடலைச் சூடேற்றுவதும், எடை கூடாமல் பார்ப்பதும், தாண்டத் தயங்கினால் முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுவதும் அவசியம்.

நம் ஊருக்கு வெயில் தனிக்கவலை. நாய் பெரும்பாலும் இரைத்துத்தான் உடலைக் குளிர்விக்கிறது. பக் போன்ற சப்பை மூக்கு இனங்களுக்கு அதுவும் சிரமம். சித்திரை, வைகாசியில் வெயில் ஏறுவதற்கு முன் பயிற்சியை முடித்துக்கொள்ளுங்கள். புல்தரை அல்லது மண்தரை போதும், சிமெண்ட் தரையில் தாண்டவிடாதீர்கள்.

நம்பிக்கை 8: இளைஞராக இருக்க வேண்டும், பெரிய மைதானம் வேண்டும், விலையுயர்ந்த சாதனங்கள் வேண்டும்.

உண்மை: வேகமாக ஓட முடியாதவர்கள் நாயைத் தொலைவிலிருந்தே இயக்கப் பழக்குகிறார்கள். சக்கர நாற்காலியில் இருந்தபடி போட்டியிடுபவர்களும் உண்டு. தொடக்கத்துக்கு நான்கு வாளி, இரண்டு பிளாஸ்டிக் குழாய், கைக்குள் அடங்கும் தீனித் துண்டுகள், ஐந்து நிமிடம் போதும். சுற்றிவரும் பாதையை முதலில் நாயில்லாமல் நீங்கள் மட்டும் ஓடிப் பழகுங்கள். பிறகு நாயோடு ஓடுங்கள், யாராவது ஒருவரைக் கைப்பேசியில் படம் பிடிக்கச் சொல்லுங்கள். பதிவை முதல்முறை பார்க்கும்போது நாயை விட்டுவிட்டு உங்கள் கால்களை மட்டும் கவனியுங்கள். நாய் எங்கே தவறியதோ அதற்கு அரை நொடி முன்னால் உங்கள் பாதம் எந்தத் திசையைக் காட்டியது என்று பார்த்தாலே, அடுத்த நாள் எதைத் திருத்த வேண்டும் என்பது தெரிந்துவிடும்.